திரும்பி வந்தவரின் வீட்டுக்காரி

அந்த மருத்துவமனையில் ஆயிரத்துச் சொச்சம் பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. மடிப்பக்கா என்றால்தான் தெரியும். தரைத்தளத்துக்கும் கீழே, சன்னலே இல்லாத சலவைக்கூடத்தில், இருபத்திரண்டு வருடமாகப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். துவைத்த விரிப்பு ஒரு பக்கம் சூடான உருளைகளுக்குள் நுழைந்து மறுபக்கம் தகடுபோல வெளியே வரும். அதன் இரண்டு முனையை இவளும் இரண்டு முனையை எதிரில் நிற்பவளும் பிடித்து, உதறி, சேர்த்து, மறுபடி சேர்த்து அடுக்க வேண்டும். மடிப்பக்கா மடித்ததில் படுக்கக் கூச்சமாக இருக்கிறது, கலைந்துவிடும் என்று நோயாளிகள் சொல்வதாக வார்டு நர்ஸுகள் கேலி செய்வார்கள். அவளும் சிரித்துவைப்பாள். சிரிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

களைப்பு என்பது எல்லோருக்கும் வந்து போகிற விருந்தாளி. அவளிடம் மட்டும் வந்த இடத்திலேயே பாய் விரித்துக்கொண்டு வீட்டு ஆளாகிவிட்டது. காலை ஏழு மணிக்கு வேலையில் ஏறும்போதே மணிக்கட்டு இரண்டும் வலிக்கும். மூன்று மணிக்கு இறங்கும்போது வலிப்பது அவளா, கையா என்று தெரியாது. வீட்டுக்குப் போனால் அங்கே இன்னொரு வேலை காத்திருக்கும். அந்த வேலையின் பெயர்தான் அவள் கணவர்.

சபையில் அவரைத் திரும்பி வந்தவர் என்று சொன்னார்கள். காரணம் இல்லாமல் இல்லை. லிஃப்ட் பழுது பார்ப்பவர் அவர். ஒரு பதினொரு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், ஸ்பேனரைக் கையில் பிடித்தபடியே சரிந்தார். இதயம் நின்றுவிட்டது. கூட இருந்த எலெக்ட்ரிஷியன் எங்கோ ஒரு பயிற்சியில் கற்றதை நினைவுபடுத்திக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நெஞ்சை விடாமல் அழுத்தினார். விலா எலும்பு இரண்டு முறிந்தது. இதயம் மறுபடி ஓடத் தொடங்கியது. பதினெட்டு நாள் கழித்துக் கண் திறந்தார்.

ஆறு நிமிடம் இதயம் நின்றிருந்தது என்று டாக்டர் சொன்னார். கணவரின் அக்கா, அவளுடைய பெரிய நாத்தனார், அதைச் சபையில் சாட்சியாகச் சொன்னபோது அது பத்து நிமிடமானது. மகளிர் கூட்டத்தில் கால் மணி நேரமானது. பக்கத்துச் சபைக்குப் போய்ச் சொன்னபோது அரை மணி நேரம் ஆகிவிட்டது. நாத்தனார் பொய் சொல்கிறவள் அல்ல. மகிழ்ச்சி தாங்காதவள், அவ்வளவுதான். தம்பிக்காகப் பதினெட்டு நாளும் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தொடாமல் முழங்காலில் நின்றவள். அதனால் மடிப்பக்கா குறுக்கே பேசவில்லை. ஆனால் எழுந்து நின்று நீயும் இரண்டு வார்த்தை சொல் என்று கேட்டபோது, தொண்டை சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

தொண்டைக்கு ஒன்றுமில்லை. சொல்வதற்குத்தான் ஒன்றுமில்லை. போனவர் ஒருவர், வந்தவர் வேறொருவர் என்று எப்படி எழுந்து நின்று சொல்வது?

போனவரை அவளுக்கு இருபத்தெட்டு வருடமாகத் தெரியும். சபையில் மூப்பர். நேரம் தவறாதவர், காணிக்கை தவறாதவர், பேச்சில் ஒரு சொல் குறையவும் கூடவும் விடாதவர். வீட்டில் அவர் குரல் உயர்ந்ததே இல்லை. உயர வேண்டிய அவசியம் வரவில்லை. ஆறு வருடத்துக்கு முன், அவர்களுடைய ஒரே மகள் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாகச் சொன்னாள். அந்த மாப்பிள்ளை ஏற்கெனவே மணமாகி, விவாகரத்து ஆனவர். கையில் ஒரு சின்னப் பெண் குழந்தை. மூப்பர் கோபப்படவில்லை. மகளுடைய துணிகளைத் தானே ஒரு பையில் அடுக்கினார். நான்காவது மாடியில் அவர்கள் வீடு. பையை எடுத்துக்கொண்டு போய் லிஃப்ட்டுக்குள் வைத்தார். மகளைப் பார்த்தார். அவள் உள்ளே போய் நின்றதும் கையை நீட்டித் தரைத்தளத்துப் பொத்தானை அழுத்திவிட்டு வந்தார். அதோடு சரி. மறுநாளிலிருந்து அந்த வீட்டில் அவள் பெயர் உச்சரிக்கப்படவில்லை.

திரும்பி வந்தவருக்கு இது எதுவுமே தெரியாது. மூளைக்குப் போக வேண்டிய காற்று போகாத அந்த ஆறு நிமிடம், கடைசி எட்டொன்பது வருடங்களைத் துடைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தது. புதிதாக நடப்பதும் ஒட்டவில்லை. காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவிருக்காது. ஆனால் அவர் மென்மையாகியிருந்தார். தண்ணீர் கொடுத்தால் நன்றி சொன்னார். அவள் வலிக்கிற காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், தள்ளாடி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பகலில் துணைக்கு இருக்கிற நாத்தனார் பாடினால் கூடவே பாடினார். பாட்டு மட்டும் எதுவும் அழியவில்லை.

தினமும் சாயங்காலம் ஐந்து மணியானால் வாசலைப் பார்த்துக்கொண்டு அவர் கேட்பார்.

"பாப்பா இன்னும் காலேஜ்ல இருந்து வரலையா?"

முதல் மாதம் அவள் ஏதோ சொல்லிச் சமாளித்தாள். ஸ்பெஷல் கிளாஸ் என்றாள், தோழி வீடு என்றாள். வர வர அந்தக் கேள்வி அவளை எரிக்கத் தொடங்கியது. அந்த மனுஷன் செய்ததைச் செய்துவிட்டு, எதையும் சுமக்காமல், கழுவிய கைபோல வந்து உட்கார்ந்திருக்கிறார். சண்டை போடலாம் என்றால் சண்டைக்குரியவர் அங்கே இல்லை. மன்னிக்கலாம் என்றாலும் மன்னிக்கப்பட வேண்டியவர் அங்கே இல்லை. ஊரே அற்புதம் என்று கொண்டாடுகிற ஒரு விஷயத்தின் மேல் கோபப்படுவது பாவமாகவும் தோன்றியது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வராது. தலை தொங்கித் தூங்கிவிடுவாள். ஆண்டவருக்கும் நான் தூங்குவதைப் பார்த்துத்தான் பழகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

சிகிச்சை கொடுத்த டாக்டர் தினமும் ஏதாவது வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார். வீட்டில் வேதபுத்தகத்தை விட்டால் லிஃப்ட் கம்பெனியின் பராமரிப்புக் கையேடுதான் இருந்தது. அதனால் சாயங்காலம் டீ குடித்ததும் அவள் சுவிசேஷத்தில் ஒரு பக்கம் வாசிப்பாள். கண்ணும் வாயும் வாசிக்கும், மனசு படுக்கையைத் தேடும். அப்படி ஒருநாள், கல்லறையிலிருந்து எழுந்த இயேசு பூட்டிய அறைக்குள் சீஷர்களிடம் வந்து தன் கைகளைக் காட்டுகிற இடம் வந்தது. கணவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"ஏம்மா, அவர்தான் எழுந்திட்டாரே. அப்புறம் ஏன் காயம் அப்படியே இருக்கு?"

"தெரியலைங்க."

"ஆறியிருக்கலாமில்ல."

அவள் மிச்சத்தை வாசித்து முடித்தாள். நான்கைந்து நாள் கழித்து, அடையாள நாடா நழுவிப் போயிருந்ததால், தெரியாமல் அதே பக்கத்தை மறுபடி வாசித்தாள். அவர் அதே இடத்தில் கையை உயர்த்தினார். அதே கேள்வியைக் கேட்டார். முதல் தடவை கேட்பதுபோலவே முகத்தில் அதே கவலை.

மறுநாள் முழுவதும் உருளையின் முன்னால் அந்தக் கேள்வி அவள் கூடவே நின்றது. அறிவு தெரிந்த நாளிலிருந்து உயிர்த்தெழுதலைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறாள். கல் புரண்டது, கல்லறை காலியானது, சாவு தோற்றது என்றுதான் அவள் மனதில் தங்கியிருந்தது. எல்லாம் புதிதாகி, பழைய சங்கதி ஒன்றும் மிஞ்சாத ஒரு காலை. காயத்தோடு எழுந்து வந்தார் என்பதும் காதில் விழுந்திருக்கும், ஆனால் உள்ளே போனதில்லை. சாவையே தள்ளிவிட்டு வந்தவருக்கு ஆணித் துளையை மூடிக்கொள்ளவா தெரியாது? மூடவில்லை. நடந்தது நடக்கவில்லை என்று ஆக்கவில்லை. கைவிட்டு ஓடியவர்கள் நடுவில் அதே கையோடு வந்து நின்று, உங்களுக்குச் சமாதானம் என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் தன் வீட்டில் நடந்துகொண்டிருப்பது என்ன? காயம் இல்லாத ஒருவர் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார், காயத்தை எல்லாம் நான் ஒருத்தி மூட்டை கட்டி ஒளித்து வைத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியது. எதிரில் விரிப்பின் முனையைப் பிடித்திருந்தவள், என்னக்கா, கோணலா மடிக்கிறீங்க என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் பாப்பாவைக் கேட்டபோது, அவள் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லவில்லை. நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். பை, லிஃப்ட், பொத்தான், ஆறு வருடம்.

அவர் வாசலிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"நானா?"

"நீங்கதான்."

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெளிந்த முகத்தோடு வாசலைப் பார்த்து, பாப்பா வரலையா என்றார்.

அந்த வாரத்தில் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் அவர் முதல் தடவையாகக் கேட்டார், முதல் தடவையாக உடைந்தார். முதல் முறை சொன்னபோது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது, அதை அவள் மறைக்க விரும்பவில்லை. இரண்டாம் முறை அது இல்லை. மூன்றாம் முறை அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. செத்தவரை எழுப்பி எழுப்பி அடிப்பதுபோல இருந்தது. அன்றைக்கு அவரே வழி சொன்னார். தனக்கு மறந்துபோகும் என்பது மட்டும் எப்படியோ அவருக்கு மறப்பதில்லை.

"ஒரு நோட்டு கொடு. நாளைக்கு நான் இதை மறந்துடுவேன். மறந்துட்டு உன்னைத்தான் மறுபடி கஷ்டப்படுத்துவேன்."

கை நடுங்க நடுங்க, ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரமானது. எழுதி முடித்து அவளிடம் நீட்டினார். அதில் இப்படி இருந்தது: "பாப்பா, உன் பையை லிஃப்ட்டில் வைத்து உன்னைக் கீழே அனுப்பினேன் என்று உன் அம்மா சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. ஆனால் உன் அம்மா பொய் சொல்ல மாட்டாள். ஆகையால் நான் செய்தது உண்மை. என்னை மன்னித்துவிடு. அப்பா."

வாசித்தபோது நடுவில் ஒரு வரி அவளைச் சுருக்கென்று குத்தியது. என்னவென்று பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. தாளை மடித்து வைத்தாள்.

மகள் அதே நகரத்தின் இன்னொரு மூலையில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலையில் இருந்தாள். கல்யாணமான புதிதில் அம்மாவுடன் அவ்வப்போது போனில் பேசுவாள், இவள் சலவைக்கூடத்தில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே ஒளிந்துகொண்டு பேசுவாள். பேச என்ன இருக்கிறது என்றாகி அது தேய்ந்து நின்றது. அப்பா நினைவில்லாமல் கிடந்த நாட்களில் ஒருமுறை மருத்துவமனைக்கு வந்து, அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்தக் கடைக்கு மடிப்பக்கா வேலை முடிந்த கையோடு போனாள். வரிசையில் உட்கார்ந்தாள். முறை வந்ததும் மகள் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, வேறு யாரோ போலத் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, எதிரே இருக்கும் எழுத்துகளை வாசிக்கச் சொன்னாள். அவள் நான்காவது வரிவரை வாசித்தாள். பிறகு, அப்பா உனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார், அவர் கையாலேயே கொடுக்க வேண்டும், ஒருதரம் வந்துபோ என்றாள். மகள் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கண்ணில் புரை விழத் தொடங்கியிருக்கிறது, காட்ட வேண்டிய டாக்டர் இவர் என்று எழுதிக் கொடுத்தாள்.

அதற்குப் பின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தபோது மகள் வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றாள். அவருக்கு அவளைப் பார்த்ததில் முகமெல்லாம் வெளிச்சம். வா பாப்பா, என்ன இளைச்சிட்ட, காலேஜ்ல சாப்பாடு சரியில்லையா என்றார். மகளின் உதடு இறுகியதை மடிப்பக்கா பார்த்தாள். ஆறு வருடமாகச் சேர்த்து வைத்த பேச்சுகளோடு வந்தவளுக்கு அதை இறக்கி வைக்க இடமில்லாமல் போயிற்று. இவளுக்கு அது நன்றாகத் தெரிந்த வலி.

மடிப்பக்கா அவர் மடியில் தாளை வைத்து, இதை வாசியுங்கள் என்றாள். அவர் விரலை வரிமேல் வைத்துச் சத்தமாக வாசித்தார். வாசிக்க வாசிக்கத்தான் அது என்னவென்று அவருக்கே தெரியவந்தது. முடித்ததும் மகளை நிமிர்ந்து பார்த்தார்.

மகள் கேட்டாள், "நிஜமாவே ஞாபகம் இல்லையாப்பா?"

"இல்லம்மா. ஆனா எழுத்து என்னோடது. அம்மாவும் பொய் சொல்ல மாட்டா."

மகள் அந்தத் தாளை வாங்கி மெதுவாக ஒருமுறை வாசித்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

"இதுல நீ எங்கம்மா?"

"நானா?"

"அன்னைக்கு வீட்ல மூணு பேர் இருந்தோம். இதுல ரெண்டு பேர்தான் இருக்கோம்."

 மடிப்பக்கா கணவரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறு வருடமாக அவள் அந்தக் காட்சியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அதில் கணவர் இருப்பார், மகள் இருப்பாள், பை இருக்கும். பார்த்துக்கொண்டிருப்பவள் மட்டும் கண்ணில் படமாட்டாள். அவரிடம் சொன்ன மூன்று தடவையும் உண்மையைத்தான் சொன்னாள், தன் பங்கைத் தவிர. பொய் சொல்ல மாட்டாள் என்ற வரி ஏன் குத்தியது என்று இப்போது புரிந்தது. சாக்கு ஒன்று தேடினாள். தேடவும் களைப்பாக இருந்தது. அதனால் உள்ளதைச் சொன்னாள்.

"அடுப்புல பால் இருந்தது. பொங்கப் போகுதுன்னு நான் உள்ள போயிட்டேன். அது பொங்கவே இல்ல பாப்பா. அடுப்பே பத்த வைக்கலை. வாசல்ல நிக்கப் பயந்துகிட்டுப் போயி, பச்சைப் பால் பக்கத்துல நின்னேன். லிஃப்ட் இறங்குற சத்தம் நிக்கிற வரைக்கும் நின்னேன்."

 கணவர் ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த மனைவியின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். மகள் அழுவாள் என்று மடிப்பக்கா எதிர்பார்த்தாள், அழவில்லை. ஓடிவந்து கட்டிக்கொள்ளவும் இல்லை. சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து, இதை நீ சொல்ல ஆறு வருஷம் ஆச்சு, எனக்கும் கொஞ்ச நாள் ஆகும் என்று சொல்லிவிட்டு, தாளைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

கொஞ்ச நாள் என்பது ஐந்து வாரமானது. பிறகு ஒரு சனிக்கிழமை வந்தாள். அடுத்த முறை வீட்டுக்காரரையும், இப்போது பதினோரு வயதாகிவிட்ட அந்தப் பெண்ணையும் கூட்டி வந்தாள். வந்தவர்கள் யார் யார் என்று திரும்பி வந்தவருக்கு ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் மாப்பிள்ளையைப் புதிதாக வரவேற்றார். எத்தனை தடவை முதல் மரியாதை கிடைக்கும் என்று மாப்பிள்ளை சிரித்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. தாய்க்கும் மகளுக்கும் நடுவே சில பேச்சுகள் பாதியில் நின்றன. ஆனால் நின்ற இடம் எது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது, அதைச் சுற்றிப் போக வேண்டியிருக்கவில்லை.

அவர் திரும்பி வந்ததிலிருந்து பதினான்கு மாதம் இப்படி ஓடியது. அவர் இரண்டாம் முறை போனபோது யாரும் நெஞ்சை அழுத்தவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் நாற்காலியிலேயே, நாத்தனாரின் பாட்டுக்கு நடுவில், அடுத்த அடியைப் பாடாமல் நின்றுவிட்டார். நாத்தனார்தான் மிகவும் உடைந்து போனாள். திரும்பக் கொடுத்தவர் ஏன் இவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கேட்டு அழுதாள்.

"எனக்கும் தெரியாது அண்ணி. ஆனா இந்தப் பதினாலு மாசம் இல்லன்னா, நான் செத்தது தெரியாமயே மடிச்சிக்கிட்டு இருந்திருப்பேன்."

அதைச் சொன்னபோது அவளுக்கே அது பெரிய பேச்சாகப் பட்டது. வெட்கமாக இருந்தது. நாத்தனாருக்குக் குடிக்க ஏதாவது கொண்டுவர எழுந்து போனாள்.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு சபைக்குப் போனாள். விசுவாச அறிக்கை சொல்லும் நேரம் வந்தது. உடல் உயிர்த்தெழும் என்று நம்புகிறேன் என்கிற இடத்தை, சின்ன வயதிலிருந்து, முன்னும் பின்னும் உள்ள வரிகளோடு சேர்த்து ஒரே மூச்சில் ஓட்டிவிடுவது அவள் வழக்கம். அன்றைக்கு அந்த இடத்தில் நாக்கு நின்றது. உடல் என்றால் எந்த உடல்? நடுங்குகிற கையோடு எழுதினாரே, அந்தக் கையா? பொத்தானை அழுத்திய கையும் அதுதானே. இரண்டும் சேர்ந்துதான் எழுந்து வரும்போலிருக்கிறது, காயத்தோடும், செய்ததோடும், மன்னிக்கப்பட்டதோடும். நம்புகிறேனா என்று தன்னையே கேட்டாள். ஆம் என்று வந்தது. பெரிய சத்தமாக இல்லை, ஆனால் வந்தது. சபை ஆமென் சொல்லி முடித்த பிறகுதான் அவள் அந்த வரியைச் சொன்னாள். பக்கத்திலிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு மகளும் கூட வந்திருந்தாள். கொஞ்சம் படுக்கிறேன், ஒரு மணி நேரத்தில் எழுப்பிவிடு என்று சொல்லிவிட்டு மடிப்பக்கா கட்டிலில் சாய்ந்தாள். மணிக்கட்டு வலித்தது, முழங்கால் வலித்தது, நாளை ஏழு மணிக்கு உருளை சூடாகிவிடும். ஜெபிக்க வாயெடுத்து, பாதியில் தூங்கிப்போனாள். கண் விழித்தபோது சன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. மணி ஐந்தேகால். வெளி அறையில் யாரோ சத்தம் வராமல் நாற்காலியை நகர்த்துவது கேட்டது. மகள் எழுப்பவில்லை. இன்னும் கொஞ்சம் கிடக்கலாம் என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.